ஆளுக்கு மீறிய பாய்: ஒரு டிங்கி வீரரின் தேர்வு முயற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் இளைஞர், இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரைச் சேர்ந்தவர். 12 வயதில் பாய்ப்படகுப் பயிற்சிக்கு வந்தார். 18 வயதில் வெளிநாட்டுப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் ஆறு புள்ளிகளில் வாய்ப்பை இழந்தார். இப்போது அவருக்கு வயது 20. நான் அந்த ஆறு ஆண்டுகளிலும், அதன் பின்னரும் அவருடைய பயிற்சியாளனாக இருந்தவன். ஆகவே இதில் பதிவாகும் தவறுகளில் பெரியது என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரும் அவருடைய பெற்றோரும் படித்து ஒப்புக்கொண்ட பிறகே இது எழுத்தில் நிற்கிறது. ஆட்களின் பெயர்களும் போட்டிகளின் பெயர்களும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

கடலும் வீடும்

பயிற்சி நடந்தது மண்டபத்தை ஒட்டிய பகுதியில். அங்கே நிலம் ஒரு கைவிரல் போல நீண்டு குறுகுகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் வடகரை கொந்தளிக்கும், தென்கரை அடங்கிக் கிடக்கும். கச்சானும் சோழகமும் (மேற்கு, தெற்குக் காற்றுகள்) வீசும் மாதங்களில் இது அப்படியே தலைகீழாகும். படகை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினால், அரை மணி நேரத்தில் அலைகடலிலிருந்து தட்டையான தண்ணீருக்கோ, தட்டையான தண்ணீரிலிருந்து அலைகடலுக்கோ மாறிவிடலாம். பயிற்சிக்கு இப்படிப்பட்ட இடம் கிடைப்பது அரிது. குறைகளும் உண்டு: கடற்புல் திரளாக வந்து சுக்கானிலும், படகின் அடியில் இறக்கும் பலகையான டாகர்போர்டிலும் சுற்றிக்கொள்ளும், பாசி வளர்க்கும் மிதவைகளின் கயிறுகள் கரையோரத்தில் நீருக்கடியில் மறைந்திருக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, போட்டிக்கு ஆள் இல்லாதது. எங்களிடம் இருந்தவை மூன்று படகுகள்.

இளைஞரின் தந்தை வள்ளத்தில் தொழில் செய்பவர். திருவிழாக் காலங்களில் இந்தக் கரையில் நடக்கும் வத்தை என்னும் நாட்டுப் படகுகளின் பாய்மரப் போட்டிகளில் பல ஆண்டுகள் பாய் பிடித்தவர். வத்தையில் குறுக்காக நீட்டிய பலகையின் முனையில் ஆட்கள் ஏறி, காற்று சாய்க்கும் படகைத் தங்கள் உடல் எடையால் நிமிர்த்துவார்கள். ஒருவர் மட்டுமே செல்லும் சிறிய பாய்ப்படகான டிங்கியிலும் வேலை இதுவேதான். பாதங்களைப் பட்டைக்கு அடியில் மாட்டி, உடலை வெளியே தொங்கவிட்டுப் படகை நிமிர்த்த வேண்டும், ஹைக்கிங் என்கிறோம். முதல் நாளே அந்தச் சிறுவன் சொல்லிக்கொடுக்காமல் அதைச் செய்தான். நான் அதைக் கண்டு மகிழ்ந்தேன். அதனோடு சேர்ந்து வேறு என்ன பழக்கங்கள் வந்திருக்கின்றன என்று அன்று பார்க்கவில்லை.

முதல் ஐந்து ஆண்டுகள்

15 வயது வரை ஆப்டிமிஸ்ட். எட்டு அடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் 35 கிலோ எடையும் கொண்ட அந்தப் பெட்டிப் படகில் அவர் மாநில அளவில் நல்ல இடங்களைப் பெற்றார். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது பயிற்சி நின்றது. அனுமதி கிடைத்த நாளிலிருந்து அவர் தந்தையோடு கடலுக்குப் போனார். திரும்பி வந்தபோது கைகள் உரமேறியிருந்தன. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்க்கக் கற்றிருந்தார். வலையின் மிதவை எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, நுரை எந்த வரியில் ஒதுங்குகிறது, வாடைக் காலத்தில் பாம்பன் கால்வாய் வழியே தண்ணீர் தெற்கே இழுப்பதும் தென்மேற்குக் காற்றில் வடக்கே திரும்புவதும் அவருக்குப் பாடமாகச் சொல்லப்படவில்லை, பழகிப்போயிருந்தன.

அதன் பின் ஐ.எல்.சி.ஏ. படகுக்கு மாறினார். முன்பு லேசர் என்று அழைக்கப்பட்டு, 2019இல் பெயர் மாறிய இந்தப் படகின் அமைப்பு இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள அவசியம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். உடல் ஒன்றுதான்: 4.2 மீட்டர் நீளம், ஏறத்தாழ 59 கிலோ. பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் பாயையும் மாற்றினால் வகுப்பு மாறிவிடும். ஐ.எல்.சி.ஏ. 4இல் பாயின் பரப்பு 4.7 சதுர மீட்டர், 6இல் 5.76, 7இல் 7.06. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 7. ஆண் பிள்ளைகள் இளையோர் போட்டிகளில் 6இல் ஓட்டலாம். ஆனால் உச்சியை நோக்கிப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் 7க்கு ஏறியே ஆக வேண்டும். ஒலிம்பிக்கில் ஒரு வகுப்புக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு படகுதான் அனுமதி. இந்தியாவிலிருந்து அந்த ஒற்றை இடத்தில் சென்ற விஷ்ணு சரவணன் டோக்கியோவில் 20ஆவதாகவும் 2024 பாரிஸில் 18ஆவதாகவும் முடித்தார். பெண்கள் பிரிவில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் ஓமனின் முசன்னாவில் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தூக்கமே இல்லை.

எடுக்கப்பட்ட முடிவு

2022இல் அவருக்கு 17 வயது முடிந்திருந்தது. எடை 62 கிலோ. எடையை மாதம் ஒருமுறை மீன் ஏலக்கூடத்துத் தராசில்தான் பார்ப்போம். ஐஸ் தண்ணீர் சொட்டும் அந்தத் தட்டில் அவர் ஏறி நிற்பதும், ஏலம் கூறுபவர் அவருக்கும் விலை சொல்வதும் வழக்கமாகிவிட்ட வேடிக்கை. ஐ.எல்.சி.ஏ. 6க்கு அந்த எடை பொருத்தம். 7இல் உலக அளவில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 80 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள்.

அப்போதுதான் அடுத்த ஆண்டு 7 வகுப்பில் ஒரு தகுதிச் சுற்று நடக்கும் என்றும், முதல் இரண்டு இடங்களைப் பெறுவோருக்கு வெளிநாட்டுப் பயிற்சியும் போட்டி வாய்ப்பும் கிடைக்கும் என்றும் தெரியவந்தது. இன்னும் ஒரு பருவம் 6இலேயே வைத்திருப்பதா, உடனே 7க்கு ஏற்றுவதா என்பது கேள்வி. நான் ஏற்றலாம் என்றேன். காரணங்கள் மூன்று இருந்தன. படகின் உடல் ஒன்றுதான் என்பதால் புதிய செலவு பாயும் மரமும் மட்டுமே. தகுதிச் சுற்று அடிக்கடி வருவதில்லை. எடை எப்படியும் ஏறும் என்று நம்பினேன். மூன்றாவது காரணம் கணக்கு அல்ல, ஆசை. அதை அன்று கணக்கு என்றே நினைத்தேன்.

தந்தை தயங்கினார். வத்தைக்காரர்கள் காற்று வலுத்தால் சின்னப் பாய்க்கு மாறுவார்கள். ஆள் குறைந்தாலும் அப்படியே. அவர் கேட்டது இவ்வளவுதான்: “சார், காத்து கூடுனா பாயைக் குறைக்கலாம். பாயைக் குறைக்க விதி இல்லேன்னா, ஆளையில்ல கூட்டணும்?” எடை கூட்டுகிறோம் என்று பதில் சொன்னேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. பயிற்சியாளர் படித்தவர், நமக்கென்ன தெரியும் என்று அவர் அடங்கியதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

காணப்பட்டவை

அடுத்த பத்து மாதங்களில் எடை மூன்றரை கிலோதான் ஏறியது. படகு கட்டும் ஓடாவி ஒருவர் உடைத்துப் போட்ட வள்ளத்தின் பலகையிலிருந்து ஹைக்கிங் பெஞ்சு ஒன்றைச் செய்து கொடுத்தார். அதில் தினமும் தொங்கியதில் தொடை வலுத்தது, ஆனால் இடது முழங்காலில் வலியும் வந்தது. காற்றின் வேகம் 12 நாட்டுக்குள் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இருந்தால் அவர் எங்கள் மூன்று படகுகளிலும் வேகமானவர். 15 நாட்டைத் தாண்டினால் காற்றை எதிர்த்து ஏறும் பகுதியில் படகு சாயத் தொடங்கும். சாயும் படகு பக்கவாட்டில் வழுக்கும். அவர் கயிற்றைத் தளர்த்தி நிமிர்த்துவார், அதற்குள் வேகம் போய்விடும். பாதையின் மேல் முனையைக் குறிக்கும் மிதவையைச் சுற்றிக் காற்றோடு இறங்கத் தொடங்கியதும் இழந்ததை மீட்பார். எப்படி மீட்டார் என்பதுதான் நான் கவனிக்கத் தவறியது.

பாய்ப்படகு விதிகளில் 42ஆவது விதி, படகைக் காற்றாலும் நீராலும் மட்டுமே செலுத்த வேண்டும் என்கிறது. உடலை ஆட்டி ஆட்டிப் படகை உருட்டுவதும், பாயை அடிக்கடி இழுத்து விசிறி போல வீசுவதும் கூடாது. காற்றோடு போகையில் அலைமேல் சறுக்க வாய்ப்பிருந்தால், ஓர் அலைக்கோ ஒரு காற்று வீச்சுக்கோ பாயை ஒரே ஒரு முறை இழுக்கலாம். வத்தைப் போட்டியில் இப்படி எந்தத் தடையும் இல்லை. பாயை இழுக்கும் தாமான் கயிற்றை வாங்கி வாங்கி விடுவதும், பலகையில் நிற்பவர்கள் ஒத்து உந்துவதும் அங்கே திறமை. அவர் பிறந்ததிலிருந்து கண்டது அது. மண்டபத்தில் அவர் அப்படிச் செய்தபோது விசில் ஊத நடுவர் இல்லை. நான் மோட்டார் படகில் பின்னால் வந்துகொண்டு, “இறக்கத்தில் பையன் பறக்கிறான்” என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரி இன்னும் இருக்கிறது.

இரண்டாவது குறை தொடக்கம். மூன்று படகுகளுக்கு நான் 60 மீட்டருக்கு மேல் நீளமான தொடக்கக் கோடு போட்டு வந்தேன். அவ்வளவு பெரிய கோட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தொடாமலே கிளம்பலாம். நெரிசலில் இடம் பிடிப்பது, பிடித்த இடத்தில் படகை அசையாமல் நிறுத்துவது, கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் நின்று கடைசி நொடியில் பாயை இழுப்பது ஆகிய எதையும் அது கற்றுத்தரவில்லை.

தகுதிச் சுற்று

2023. 14 படகுகள். ஒன்பது ஓட்டங்கள் நடந்தன. முதல் இடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2 என்று கூட்டி, மிக மோசமான ஓர் ஓட்டத்தைக் கழித்துவிட்டுக் குறைந்த புள்ளி உள்ளவர் வெல்வார். தகுதி நீக்கமோ விலகலோ ஆனால் படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி 15.

முதல் இரண்டு ஓட்டங்களில் 4, 6. மூன்றாவதில் காற்று ஏறியது. அதற்கு முன் ஒருமுறை பலர் முந்திக் கிளம்பியதால் தொடக்கம் திரும்ப அழைக்கப்பட்டு, யு கொடி ஏற்றப்பட்டது. அந்தக் கொடியின் கீழ், கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டின் இரு முனைகளையும் முதல் மிதவையையும் இணைக்கும் முக்கோணத்துக்குள் படகின் எந்தப் பகுதி தென்பட்டாலும் விசாரணையின்றித் தகுதி நீக்கம். அவர் ஏறத்தாழ அரைப் படகு நீளம் முந்தியிருந்தார். அது தெரியாமலே ஓட்டத்தை முடித்துவிட்டுக் கரைக்கு வந்து, அறிவிப்புப் பலகையில் தன் பாய் எண்ணைப் பார்த்தார்.

பிறகு 5, 3, 8. ஏழாவது ஓட்டம் நடந்த பிற்பகலில் காற்று 16, 17 நாட்டைத் தொட்டது. மேல் மிதவையை ஒன்பதாவதாகச் சுற்றினார். இறக்கத்தில் நான்கு படகுகளைத் தாண்டி ஐந்தாவதாக வந்தபோது நடுவர் படகு அவருடைய இடப்பக்கமாக ஒட்டி வந்தது. விசில், மஞ்சள் கொடி, பாய் எண்: 42ஆம் விதியை மீறியதற்கான அறிவிப்பு. முந்தைய நாள் ஒருமுறை மஞ்சள் கொடி வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி அபராதத்தை முடித்திருந்தார். அதனால்தான் ஆறாவது ஓட்டத்தில் எட்டாவது. ஒரே போட்டியில் இரண்டாம் கொடி என்றால் அந்த ஓட்டத்திலிருந்தே விலக வேண்டும். அவர் பாயைத் தளர்த்தி விட்டுவிட்டு, அது படபடக்க, மற்றவர்கள் போகும் வழியிலிருந்து ஒதுங்கி நின்றார். தொலைநோக்கியில் எனக்குத் தெரிந்தது அவர் படகின் முன்முனையான அணியத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும்.

கடைசி நாள் காற்று மெலிந்தது: 2, 4. மொத்தம் 62, கழிவு போக 47. இரண்டாம் இடம் பெற்றவர் 41. மூன்றாவதிலும் ஏழாவதிலும் வாங்கிய இரண்டு பதினைந்துகளில் ஒன்றைத்தான் கழிக்க முடிந்தது. ஏழாவது ஓட்டத்தில் அவர் அந்த ஐந்தாம் இடத்தோடு முடித்திருந்தால் 37.

முதலில் சொன்ன காரணமும் பிறகு தெரிந்த காரணமும்

ரயிலில் திரும்பும்போது நான் அவரிடம் சொன்னது: அவசரம், கட்டுப்பாடின்மை. இரண்டு தவறும் தனித்தனி ஒழுங்கீனங்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர் மறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பயிற்சிக்கு வரவில்லை.

அந்த வாரத்தில் குறிப்பேட்டையும் நடுவர் குழு அறிவித்த காற்றின் வேகத்தையும் ஓட்டவாரியாக எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். 2, 3, 4, 4, 5 ஆகிய இடங்கள் எல்லாம் 12 நாட்டுக்கு உட்பட்ட காற்றில். இரண்டு பதினைந்தும் அந்த எட்டும் 15 நாட்டுக்கு மேற்பட்ட காற்றில். காற்று கூடினால் ஏற்றத்தில் பின்தங்குவோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் கோட்டில் எல்லோருக்கும் முன்னால் நின்றே தீர வேண்டும் என்று முண்டினார். ஏற்றத்தில் இழந்த பிறகு இறக்கத்தில் மீட்டாக வேண்டும். மீட்கத் தெரிந்த வழி ஊரில் கற்ற வழி. நான் இரண்டு ஒழுங்கீனங்கள் என்று நினைத்தவற்றின் வேர் ஒன்று: 65 கிலோ ஆள்மேல் 7.06 சதுர மீட்டர் பாய். அந்தப் பாயை மாட்டியவன் நான்.

விதியை மீறியது அவர்தான், அதில் விவாதமில்லை. நடுவர் சரியாகவே பார்த்தார். ஆனால் மீற வேண்டிய நெருக்கடிக்குள் அவரை அனுப்பியதற்குப் பயிற்சியாளர் பொறுப்பு. அவருடைய வீட்டுக்குப் போய்த் தந்தையிடம் இதைச் சொன்னேன். அவர் தேநீர் கொடுத்தார். பாய் பேச்சை எடுக்கவில்லை.

அதன் பின் செய்தவை

எட்டு மாதங்களுக்கு அவரை 6 பாய்க்கே இறக்கினோம். பெரிய பாயிலிருந்து சின்னப் பாய்க்கு வருவதை அவர் தண்டனையாக எடுத்துக்கொண்டார். முதல் மாதம் பேச்சுக் குறைந்தே இருந்தது. படகு நிமிர்ந்து ஓடத் தொடங்கியதும் அது மாறியது. ஏற்றத்தில் பின்தங்காதபோது இறக்கத்தில் பாயை வீசும் பழக்கம் தானாகவே பாதி குறைந்ததை இருவரும் பார்த்தோம். மீதிப் பாதிக்கு விசில் வாங்கினேன். மோட்டார் படகில் இருந்து, ஓர் அலைக்கு இரண்டாவது முறை கயிறு அசைந்தால் ஊதுவேன். அவர் அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் நாள் 11 விசில். ஆறாவது வாரத்தில் ஒன்று, சில நாள் எதுவுமில்லை.

தொடக்கக் கோட்டை 15 மீட்டராகக் குறைத்தேன். மூன்று படகுகள் அதில் நெருக்கித்தான் நிற்க முடியும். இதற்கு ஒரு பைசா செலவில்லை என்பதும், ஆறு ஆண்டுகள் இது எனக்குத் தோன்றவில்லை என்பதும் ஒருசேர உறுத்துகின்றன.

உணவில், அதிகாலைப் பயிற்சிக்கு முன் வெறும் வயிற்றில் போவதை நிறுத்தினோம். முட்டை, கடலை, பகலில் இரண்டாம் முறை சோறும் மீனும். முழங்காலுக்கு இயன்முறை மருத்துவர் சொன்னபடி பெஞ்சில் தொங்கும் நேரத்தைக் குறைத்து, இடுப்புக்கும் தொடையின் பின்பகுதிக்கும் தனிப் பயிற்சி சேர்த்தோம். ஏலக்கூடத்துத் தராசு 73 காட்டிய பிறகே, 2024இன் நடுவில், 7 பாய் திரும்ப ஏறியது.

விளைவு

அந்தப் பருவத்தில் மும்பைத் துறைமுகப் பகுதியில் நடந்த ஒரு தரவரிசைப் போட்டி அவருடைய வேறொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே ஓதம் பெருகும் நாட்களில் கடல் மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீரோட்டம் படகின் வேகத்தையே விழுங்கும். எங்கள் கரையில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு கிடையாது. ஆனால் அவர் தொடக்கத்துக்கு இருபது நிமிடம் முன்பே போய், ஒவ்வொரு மிதவையின் கயிற்றோரமும் தண்ணீர் எந்தப் பக்கம் சுழித்து ஓடுகிறது என்று பார்த்தார். இழுப்பு ஆழத்தைவிடக் கரையோரம் மெலிவாக இருக்கும், திரும்பும்போதும் அங்கேதான் முதலில் திரும்பும் என்று தந்தை சொன்னதை வைத்து, கூட்டம் நடுக்கடல் பக்கம் போனபோது இவர் கரையோரம் ஏறினார். மேல் மிதவையில் இரண்டாவது. இதைப் பயிற்சித் திட்டத்தில் நான் ஒருநாளும் சேர்த்ததில்லை. வீட்டில் கற்றதில் களைய வேண்டியது எது, வளர்க்க வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்காமல், ஒன்றைப் பாராட்டி மற்றொன்றை மறந்திருந்தேன்.

போட்டியை ஆறாவதாக முடித்தார். மஞ்சள் கொடி இல்லை. மறு ஆண்டு விளையாட்டு வீரருக்கான ஒதுக்கீட்டில் பாதுகாப்புப் படையொன்றில் சேர்ந்தார். அங்கே முதல் நிலை வீரருக்குப் பயிற்சித் துணையாக ஓட்டுகிறார். உச்ச நிலைத் தேர்வு அவருக்கு இதுவரை கிடைக்கவில்லை. இப்போது எடை 77.

இப்போது மாறியிருப்பவை

எடை ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொடாமல் பாய் மாறாது என்று பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கிறோம். தகுதிச் சுற்று எதிரே இருந்தாலும் அந்த எண் அசையாது. வகுப்பு மாற்றத்தைப் பேசும் நாளில் தந்தையோ தாயோ கருத்துச் சொல்லாமல் எழுந்தால் அன்றைக்கு முடிவெடுப்பதில்லை. 42ஆம் விதி ஆப்டிமிஸ்ட் முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது சென்னைக்குப் போய் இருபது படகுக் கூட்டத்தில் கிளம்பிப் பார்க்கிறார்கள். இதற்கான போக்குவரத்துச் செலவு எங்களுக்கு இன்னும் பாரம்தான். புதிய பாய் ஒன்று வாங்குவதைத் தள்ளிப்போட்டு இதைச் செய்கிறோம்.

பிள்ளைகளை வத்தைப் போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தலாமா என்று ஒரு கட்டத்தில் யோசித்தேன். அந்த யோசனையை முதலில் எதிர்த்தவர் இந்த இளைஞர்தான்: “சார், அங்க நீவாடு பாக்கக் கத்துக்கிறாங்க. விசில் சத்தம் நீங்க இங்க கத்துக் குடுங்க.” சென்ற திருவிழாவுக்கு விடுப்பில் வந்தவர் தந்தையின் வத்தையில் பலகை முனையில் நின்றார். எங்களிடம் பயிலும் நான்கு பிள்ளைகள் மற்ற வத்தைகளில் இருந்தார்கள்.